முறுக்கு விசையா, திருப்பு விசையா?

வாசகர் கேள்வி, ஜூன் 2

ஒன்றைச் சுற்ற வைக்கிற வலுவுக்கு, ஆங்கிலத்தில் டார்க் (torque) என்பதற்கு, வண்டிகளைப் பற்றி எழுதுகிற எல்லாரும் ‘முறுக்கு விசை’ என்றே எழுதுகிறீர்கள். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் ‘திருப்பு விசை’ என்று இருக்கிறது. கதவைத் திறக்கும்போது கதவைத் திருப்புகிறோம், முறுக்குகிறோமா? முறுக்கு என்பது தப்பான சொல். இதை எங்கிருந்து பிடித்தீர்கள்?

ஜூன் 2, இரவு 9.40

கோத்தகிரிக்குப் பக்கத்தில் அரவேணுவில் 22 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். ‘முறுக்கு விசை’ என்றோ ‘திருப்பு விசை’ என்றோ சொல்லி ஒருவரும் இதுவரை வண்டியை உள்ளே விட்டதில்லை. “இழுவை இல்லீங்ண்ணா” என்பார்கள். “குஞ்சப்பனை ஏத்தத்துல செத்துப்போகுதுங்க” என்பார்கள். காலேஜ் பையன்கள் ‘டார்க் பத்தலை’ என்பார்கள். ஆக, நீங்களும் நானும் சண்டை போடுவது எழுத்தில் மட்டும் இருக்கும் இரண்டு சொற்களுக்காக.

இருந்தாலும் சண்டை போடலாம். நான் முறுக்கு கட்சி. டார்க் என்ற சொல்லே முறுக்குதான். லத்தீனில் ‘தோர்க்குவேரே’ என்றால் முறுக்குதல். அப்படியே தமிழில் சொன்னால் முறுக்கு. இதில் தப்பு எங்கே வந்தது?

இன்னொன்று. தோர்க்கு, திருகு என்று இரண்டையும் அடுத்தடுத்து சொல்லிப் பாருங்கள். நம் திருகுதான் கப்பலேறி அங்கே போயிருக்கிறது.

ஜூன் 3, காலை 7.15

நேற்றைய கடைசிப் பத்தியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். விடிவதற்குள் மூன்று பேர் வந்து ‘கயிறு திரிக்காதீர்கள்’ என்று எழுதிவிட்டார்கள்.

அவர்கள் சொல்வது சரி. திருகு நம் வீட்டுச் சொல். கன்னடத்தில் திருகு என்றால் திரும்பு. தெலுங்கிலும் திருகு உண்டு. சுற்று, அலை என்று அர்த்தம். மலையாளத்தில் திரியுக, அதுவும் திரும்புதான். ஆரம்பத்தில் ஒரு வருடம் கூடலூரில் வேலை பார்த்தேன். ஒரு மலையாளி டிரைவர் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, வெளியே ஸ்டியரிங் பெட்டியில் கை வைத்திருந்த ஆளிடம் “திரிக்கு, திரிக்கு” என்று கத்துகிறார். எதைத் திரிக்கச் சொல்கிறார் என்று நான் முழித்தேன். எனக்குத் தெரிந்து திரிப்பது கயிறும் பஞ்சும்தான்.

லத்தீன் வேறு குடும்பம். காதுக்கு ஒரே மாதிரி கேட்டால் சொந்தம் ஆகிவிடாது.

ஆனால் சொந்தம் இல்லாமலே இரண்டு மொழியும் ஒரே தடத்தில் நடந்திருப்பதைப் பாருங்கள். பஞ்சை முறுக்கினால் திரி. அந்த லத்தீன் வேரிலிருந்துதான் ஆங்கிலத்துக்கு டார்ச் வந்தது; முறுக்கிய நாரை மெழுகில் தோய்த்துக் கொளுத்தியது. நம் திரியிலிருந்து திரிபு வருகிறது. அந்த வேரிலிருந்து டிஸ்டார்ட் வருகிறது, அதுவும் திரிபுதான். பால் திரிகிறது, ஆள் திரிகிறான், இலக்கண வகுப்பில் திரிசொல் வருகிறது. அவர்களுடைய டார்ச்சர் கூட அங்கிருந்துதான்: கை காலை முறுக்குவது. முறுக்கத் தெரிந்தவனுக்கு விளக்கும் ஏற்றத் தெரியும், பொய்யும் சொல்லத் தெரியும், வதைக்கவும் தெரியும் என்று இரண்டு ஊரிலும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

இணையத்தில் இப்படி ஒருவர் மாற்றி ஒருவர் நாம் எழுதிக்கொண்டிருப்பதற்கும் சிலர் திரி என்றுதான் பேர் வைத்திருக்கிறார்கள். சரி, கடை திறக்கணும்.

ஜூன் 3, இரவு 10.20

‘முறுக்கு என்று யார் முடிவு செய்தது’ என்று முதல் கேள்வி கேட்டவர் மறுபடி கேட்கிறார். தமிழை விடுங்கள். ஆங்கிலத்திலேயே இந்த அர்த்தம் பழையதில்லை. 1884க்கு முன்னால் டார்க் என்றால் கழுத்தில் மாட்டும் முறுக்கு வளையம். பழைய ஐரோப்பாவின் கெல்ட் இனத்துப் போர்வீரர்கள் போட்டுக்கொண்டது, பொன்னிலும் வெண்கலத்திலும். நம் நகைக்கடையில் முறுக்குச் செயின், முறுக்கு வளையல் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த வகை. கி.மு. 361ல் மான்லியுஸ் என்ற ரோமானியர் மாமிச மலை மாதிரி இருந்த, ‘கால்’ (Gaul) என்ற நாட்டுக் கெல்ட் வீரன் ஒருவனை ஒற்றைக்கு ஒற்றை வீழ்த்தி, அவன் கழுத்து வளையத்தைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டார் என்று ஒரு கதை. அதிலிருந்து அவர் வம்சத்துக்கே தோர்க்குவாத்துஸ் என்று பேர். ‘முறுக்குக்காரர்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் அந்தப் பேரில் வேறு ஒருவர் இருக்கிறார், சைக்கிளில் டின் கட்டிக்கொண்டு வருவார்.

இயந்திரத்துக்கு வருவோம். அதுவரை பொறியாளர்கள் ‘மொமென்ட்’ என்றும் ‘கப்புள்’ என்றும் சொல்லி வந்தார்கள். நம் புத்தகத்தில் திருப்புத்திறன், இரட்டை. ஜேம்ஸ் தாம்சன் என்ற பேராசிரியர், கெல்வின் பிரபுவின் அண்ணன், கோணத்தை அளக்கும் ரேடியன் என்ற சொல்லைத் தந்தவர், அவர்தான் டார்க் என்று சொல்லலாமே என்றாராம். அதே 1884ல் சில்வானஸ் தாம்சன் என்ற இன்னொருவர் டைனமோ இயந்திரங்களைப் பற்றிய தன் புத்தகத்தில் அதைப் பயன்படுத்தினார். ஆங்கில எழுத்தில் ஒருவருக்கு நடுவில் ‘பி’ உண்டு, மற்றவருக்கு இல்லை. தமிழில் எழுதினால் இருவரும் தாம்சன்தான், ஆளைப் பிரிக்க முடியாது.

இரண்டாம் தாம்சன் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருக்கிறது. என் வார்த்தையில் சொல்கிறேன். நேர்கோட்டில் தள்ளுவதற்கு விசை என்று ஒரே சொல் இருக்கிறது. தண்டைச் சுற்ற வைப்பதற்கு மட்டும் ‘இவ்வளவு தூரத்தில் இவ்வளவு விசை’ என்று எதற்கு இரண்டைக் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள்? தண்டைப் பிடித்து முறுக்குகிறோம், அவ்வளவுதான். அது ஒரே பொருள், அதற்கு ஒரே சொல் போதும்.

கணக்குப் போடும் ஆளுக்குத் தூரமும் விசையும் வேண்டும். கையில் ஸ்பேனர் பிடித்தவனுக்கு முறுக்கு மட்டும் போதும்.

அதனால் என் கட்சியை இன்னும் ஒரு படி ஏற்றுகிறேன்: ‘முறுக்கு விசை’யில் தப்பு இருக்கிறது, ஆனால் முறுக்கில் இல்லை. விசையில் இருக்கிறது. விசையின் அலகு நியூட்டன். இதன் அலகு நியூட்டன் மீட்டர். விசையே இல்லாத ஒன்றுக்கு விசை என்று வால் ஒட்டியிருக்கிறோம். திருப்பு விசைக்கும் அதே வால். திருப்புத்திறனில் இன்னொரு குழப்பம், திறன் என்பதைக் குதிரைத்திறனுக்குக் கொடுத்தாகிவிட்டது.

ஜூன் 5, மதியம்

அலகு என்றதும் ஞாபகம் வருகிறது, எனக்கு நடந்ததைச் சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது.

வைத்த அளவுக்கு முறுக்கியதும் ‘டிக்’ என்று சத்தம் கொடுக்கும் டார்க் ரெஞ்ச், அப்பா காலத்தில் பட்டறையில் கிடையாது. ஸ்பேனரின் நீளமே கணக்கு. சின்ன போல்ட்டுக்குச் சின்ன ஸ்பேனர், அதைக் கை மணிக்கட்டால் இழுத்தால் போதும். பெரிய நட்டுக்கு நீள ஸ்பேனர், தோளைக் கொடுக்கணும். ஸ்பேனர் வாலில் பைப்பைச் செருகி யாராவது முறுக்கினால் அப்பா வந்துவிடுவார். “பைப்பு போட்டு முறுக்கறவன் மெக்கானிக் இல்லடா, கொத்தனார். போய்க் கலவை போடு.” 60 கிலோ ஆள் 30 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் ஏறி நின்றால் 18 கிலோகிராம் மீட்டர், அதாவது 180 நியூட்டன் மீட்டர். சின்ன காரின் சக்கர நட்டுக்கு 100 பக்கம் போதும். ஏறி நிற்கிறவனை ஏன் திட்டுகிறோம் என்று இப்போது புரியும்.

நான் டார்க் ரெஞ்ச் வாங்கிய புதிதில் ஒரு காருக்கு ஆயில் மாற்றினேன். அடியில், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரைன் போல்ட். கையேட்டில் 25 நியூட்டன் மீட்டர். ரெஞ்சில் 25 வைத்து இழுத்தேன், ‘டிக்’ சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தம் வருவதற்கு முன்னால் கை லேசாகிவிட்டது. மெக்கானிக்காக இருப்பவர்களுக்கு அந்த லேசு தெரியும், வயிறு கலங்கும். ஆயில் நிற்கும் அலுமினியத் தொட்டியின், சம்ப்பின், மரை உருவிக்கொண்டு வந்துவிட்டது. ரெஞ்சைத் திருப்பிப் பார்த்தால், நான் படித்த பக்கம் பவுண்டு அடி. 25 பவுண்டு அடி என்றால் கிட்டத்தட்ட 34 நியூட்டன் மீட்டர். மரை ஏற்கெனவே தேய்ந்திருந்தது என்று வாடிக்கையாளரிடம் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை.

புது மரை போட்டு, உள்ளே சுருள் வைத்து, என் செலவில் முடித்துக் கொடுத்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் டீ குடிக்கும்போது, “மரை கழண்டது காருக்கா, உனக்கா?” என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 5, இரவு

மேலே 18 கிலோகிராம் மீட்டருக்கு 180 என்று எழுதினேன். பெருக்க வேண்டியது 9.8ஆல். 176. நாலு பேர் சுட்டிக்காட்டிவிட்டார்கள், ஐந்தாவது ஆள் வேண்டாம்.

ஜூன் 6

‘முறுக்கு என்றால் பலகாரம்தான் ஞாபகம் வருகிறது, அறிவியலுக்கு ஆகாது’ என்று ஒருவர்.

அந்தப் பலகாரத்துக்கு ஏன் அந்தப் பேர்? கைமுறுக்கு சுற்றுகிறவரின் விரலைப் பாருங்கள். மாவு இழையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் முறுக்கிக்கொண்டே வட்டமாகச் சுற்றுவார். முறுக்குவது ஒரு வேலை, சுற்றுவது இன்னொரு வேலை, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது. நாழியில் பிழிவது முறுக்கே இல்லை. அது வெறும் சுற்று. கடைக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

ஜூன் 9, இரவு

மேலே விளையாட்டாக எழுதியது என்னையே இரண்டு நாளாகக் குடைகிறது. முறுக்குவது வேறு, சுற்றுவது வேறு என்று நானே ஒப்புக்கொண்டிருக்கிறேன். முதல் கேள்வியில் கதவு இருக்கிறது. கதவு சுற்றுகிறது, முறுக்கிக்கொள்வதில்லை. முறுக்கிக்கொண்டால் அது கதவே இல்லை, மழைக்காலத்துப் பலகை.

டிப்ளமோ படிக்கும்போது ஆய்வகத்தில் முறுக்கு ஊசல் என்று ஒன்று உண்டு. கம்பியில் ஒரு வட்டத் தட்டு தொங்கும். தட்டைக் கொஞ்சம் திருப்பி விட்டால் கம்பி முறுக்கிக்கொண்டு, திரும்பப் பிரிந்து, மறுபக்கம் முறுக்கிக்கொள்ளும். தட்டு சுற்றுகிறது, கம்பி முறுக்கிக்கொள்கிறது. புத்தகம் எழுதியவர்கள் கம்பிக்கு ஆவதை முறுக்கு என்றும், தட்டைச் சுற்ற வைப்பதைத் திருப்பு என்றும் பிரித்திருக்கிறார்கள் போலும். அது சும்மா வைத்த பேர் இல்லை.

ஆக, கதவு விஷயத்தில் கேள்வி கேட்டவருக்கு ஒரு மார்க். முழு மார்க் தரமாட்டேன். நாளை குன்னூர் போகிறேன், வந்து சொல்கிறேன்.

ஜூன் 10, இரவு 11

பாகம் வாங்கத்தான் போனேன், ஆனால் மலை ரயில் வரும் நேரம் என்று ஸ்டேஷனில் நின்றுவிட்டேன். இத்தனை வருடம் இங்கேயே இருந்தும் அது வரும்போது நிற்காமல் போக முடிவதில்லை.

தெரியாதவர்களுக்கு: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899ல் ரயில் வந்தது, ஊட்டிக்கு 1908ல். கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் 12 அடிக்கு ஓர் அடி. சாதாரணச் சக்கரம் அதில் வழுக்கும். அதனால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டைகள். எஞ்சினின் அடியில் பல் சக்கரம். பல்லில் பல் மாட்டி ஏறும். ரோமன் ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் கண்டுபிடித்த முறை. எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும், அந்தப் பகுதியில் மணிக்கு 13 கிலோமீட்டர் வேகம்தான். பழைய எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தில் வின்டர்தூரில் செய்தவை. நாலு சிலிண்டர். நீராவி முதல் இரண்டில் வேலை பார்த்து ஓடும் சக்கரத்தைச் சுற்றும், அங்கிருந்து வெளியேறும் நீராவியே அடுத்த இரண்டுக்குப் போய்ப் பல் சக்கரத்தைச் சுற்றும். இட்லி வேகும் ஆவியிலேயே மேல் தட்டில் கொழுக்கட்டையும் வேக வைக்கிற வீட்டுக் கணக்கு.

நீராவி எஞ்சினுக்குக் கிளட்ச் கிடையாது, கியர் பெட்டி கிடையாது. நின்ற இடத்திலேயே முழு முறுக்கும் அதனிடம் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால்தான் முறுக்கு தரும், நின்றால் பூஜ்யம். அதனால்தான் கிளட்ச்சை வைத்து ஏமாற்றி ஏமாற்றி வண்டியை எடுக்கிறோம். இப்போது வரும் பேட்டரி ஸ்கூட்டரும் நீராவி மாதிரிதான், நின்ற இடத்தில் முழு முறுக்கு. பழகாதவர்கள் திராட்டிலைத் திருகியதும் முன்னால் போய் விழுவதற்கு அதுதான் காரணம்.

திராட்டிலைத் திருகுகிறோம், கவனித்தீர்களா? முறுக்குகிறோம் என்றும் சொல்வோம். “முறுக்குடா” என்றால் வேகமாகப் போ. திருப்புடா என்றால் வண்டி யூ அடித்துவிடும்.

சரி, கதவு. ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது தோன்றியது இது. சக்கரத்தைப் பார்த்தால் சுற்றுகிறது, திருப்பு என்பதே சரி. ஆனால் எந்தச் சக்கரமும் சும்மா சுற்றுவதில்லை, அதை ஒரு தண்டு சுற்றுகிறது. எஞ்சின் ஒரு முனையைத் திருப்ப, ஏற்றம் மறு முனையைப் பிடித்து நிறுத்தப் பார்க்க, நடுவில் தண்டு முறுக்கிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் உடைந்த ஆக்சிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சில ஆக்சில் திருகுச் சுருளாக, துணியைப் பிழிந்த மாதிரி உடைந்திருக்கும். அதை யாரும் திருப்பி உடைந்தது என்று சொல்லமாட்டார்கள். முறுக்கி உடைந்தது என்றே சொல்வார்கள். இரண்டாம் தாம்சன் கண்ணெதிரே இருந்ததும் டைனமோவின் தண்டு. அவர் கதவைப் பார்த்து அந்தச் சொல்லை எடுக்கவில்லை.

கதவுக்குத் திருப்பு, தண்டுக்கு முறுக்கு. இப்போதைக்கு இங்கே நிற்கிறேன்.

ஜூன் 14, ஞாயிறு மாதிரி ஒரு நாள், மழை

இது பெரிய விஷயம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இந்தச் சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முறுக்கு, திருகு, லத்தீன் என்று. அம்மா பாதி கேட்டுவிட்டு, “பரண்ல தக்ளி இருக்கும் பாரு, எடுத்துட்டு வா” என்றார். அம்மா படித்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் நூற்பு வகுப்பு உண்டு. ஆளுக்கு ஒரு தக்ளி. ஒரு ஜாண் கம்பி, அடியில் காலணா அகலத்துக்குப் பித்தளை வட்டு, நுனியில் கொக்கி. பழைய சூட்கேஸில், நாப்கின் துணியில் சுற்றி வைத்திருந்தார். வட்டு கறுத்திருந்தது.

தக்ளி எந்த மொழிச் சொல் என்று தேடினேன். இந்தி. அதற்கு முன் சமஸ்கிருதத்தில் ‘தர்கு’, நூற்கும் கதிர். அந்தத் தர்குவும் லத்தீன் தோர்க்குவேரேயும் ஒரே வேர். முறுக்கு என்று பொருள்படும் பழைய இந்தோ-ஐரோப்பிய வேர்.

முதல் நாள் திருகைக் கூட்டிக்கொண்டு போய் டார்க்கின் வீட்டுக் கதவைத் தட்டினேனே, அது ஆள் மாறிய கதவு. உண்மையான சொந்தக்காரன் எங்கள் வீட்டுப் பரணிலேயே கிடந்திருக்கிறான். நம் சொல் இல்லை, கடன் வாங்கிய சொல்தான். நம் சொல் கதிர். ஆனால் அம்மாவும் அவரோடு படித்தவர்களும் தினமும் கையில் பிடித்து முறுக்கிய சொல்.

அம்மா பஞ்சு கேட்டார். வீட்டில் விளக்குக்கு வைத்திருந்த பஞ்சைப் பிய்த்துக் கொடுத்தேன். கொக்கியில் மாட்டி, கட்டை விரலாலும் நடு விரலாலும் கம்பியை ஒரு சுண்டு சுண்டினார். தக்ளி தொங்கிக்கொண்டே சுற்றுகிறது. கை மேலே பஞ்சை இழுத்து விடுகிறது. முறுக்கு கீழேயிருந்து நூலில் ஏறி ஏறிப் போகிறது, கண்ணால் பார்க்கலாம். இரண்டு முறை அறுந்தது. “முறுக்குப் பத்தலை” என்றார். மூன்றாம் முறை நின்றது. நாற்பது, ஐம்பது வருடம் தொடாத கை.

முறுக்குப் பத்தலை. எங்கள் பட்டறைக்கு வரும் காலேஜ் பையன்களும் அதைத்தான் சொல்கிறார்கள், ‘டார்க் பத்தலை’.

முறுக்காத பஞ்சு ஏன் அறுகிறது? நார்கள் ஒன்றை ஒன்று பிடிப்பதில்லை, வழுக்கிப் பிரிகின்றன. முறுக்கினால் ஒன்றை ஒன்று நெருக்கும், உராய்வு பிடித்துக்கொள்ளும். நட்டும் போல்ட்டும் இதேதான். நாம் நட்டில் போடும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்து நீட்டிப் பிடிக்கப் போகிறது. மிச்சமெல்லாம் மரையிலும் நட்டின் முகத்திலும் உராய்வுக்கே போகிறது. அதனால்தான் மரையில் ஆயில் பட்டால் அதே 25 நியூட்டன் மீட்டரில் போல்ட் அதிகமாக இழுபடும். ரெஞ்ச் ‘டிக்’ என்றதும் இறுக்கம் சரியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும். ரெஞ்ச் அளப்பது முறுக்கை. இறுக்கத்தை அது அளப்பதில்லை.

ஜூன் 15, காலை

தேதிக்குப் பக்கத்தில் ‘ஞாயிறு மாதிரி’ என்று போட்டதைக் கிண்டல் செய்கிறார்கள். மழை பெய்தால் பட்டறைக்கு எல்லா நாளும் ஞாயிறுதான்.

ஜூன் 15, மாலை

வேலி ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூ படர்ந்து கிடக்குமே, இலை சின்னத் தாமரை இலை மாதிரி வட்டமாக இருக்கும். ஊட்டியிலும் கோத்தகிரியிலும் ஓடை பக்கமெல்லாம் உண்டு. நஸ்டர்ஷியம் என்பார்கள், தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. அந்தப் பேரிலும் நம் ஆள் ஒளிந்திருக்கிறார். நாசுஸ், தோர்க்குவேரே. மூக்கை முறுக்கி. லத்தீனில் முதலில் ஒரு காரக் கீரைக்கு வைத்த பேர், பிறகு காரம் ஒத்துப்போனதால் இந்தச் செடிக்கு ஒட்டிக்கொண்டது. இலையை ஒன்று பிய்த்து மென்றேன். கடுகு மாதிரி ஏறியது. மூக்கு முறுக்கவில்லை, ஆனால் தும்மினேன்.

ஜூன் 21, இரவு

‘ஏற்றத்துக்கு முறுக்கு முக்கியமா, குதிரைத்திறன் முக்கியமா’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல் ஆராய்ச்சிக்கு வெளியே போகிறது, ஆனால் தினமும் பட்டறையில் கேட்கிற கேள்வி.

முறுக்கையும் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதையும் பெருக்கி 9549ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 200 நியூட்டன் மீட்டரை 2000 சுற்றில் தரும் டீசலும், 100ஐ 4000 சுற்றில் தரும் பெட்ரோலும் அந்த இடத்தில் ஒரே திறன், 42 கிலோவாட். வித்தியாசம், டீசல் கத்தாமல் தருகிறது.

அந்த 200ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கியரில் 4 மடங்கு, பின்னால் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் பல் சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலில் 4 மடங்கு. சக்கரத்துக்கு வரும்போது 3200. டயரின் பாதி உயரம் 32 சென்டிமீட்டர் என்றால் தரையை 10,000 நியூட்டனில் தள்ளும். 2 டன் வண்டிக்கு, ரயில் ஏறுகிற 12க்கு 1 ஏற்றத்தில் தேவை 1630தான். கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம் 6க்கு 1 என்று வைத்தாலும் 3270. முதல் கியரில் ஏகப்பட்ட மிச்சம். அதே வளைவை மூன்றாவது கியரில் எடுத்தால்? கியர் 1.4 மடங்குதான், கையில் 3500. பேப்பரில் ஏறிவிடும். ஆனால் வளைவில் வேகம் குறைந்து எஞ்சின் 1000 சுற்றுக்கு வந்துவிட்டால் அதனிடம் 200 இருக்காது. அங்கேதான் வண்டி ‘செத்துப்போகிறது’. சமவெளியிலிருந்து வருகிறவர்கள் எஞ்சின் ரிப்பேர் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். “கியரை இறக்குங்க சாமி” என்று அனுப்பி வைப்போம், பில் கிடையாது.

இன்னொரு காரணமும் உண்டு. ஊட்டி 2240 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான். காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ இல்லாத எஞ்சின் குடிக்கிற காற்று குறைகிறது, முறுக்கும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறைகிறது. மேட்டுப்பாளையத்தில் துள்ளிய வண்டி மேலே வந்து இருமுவதற்குப் பாதிக் காரணம் இது.

ஜூன் 22

கியர் பெட்டியிலும் டிஃபரன்ஷியலிலும் போகும் நஷ்டத்தைச் சேர்க்கவில்லை என்று பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம் சார், சேர்க்கவில்லை. பத்து, பதினைந்து சதவீதம் கழித்துப் படித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கியர் அப்போது பேப்பரிலும் ஏறாது.

அதே ஆசிரியர், ‘நியூட்டன் மீட்டரை, வேலையின் அலகான ஜூல் என்று எழுதலாமே, பரிமாணம் ஒன்றுதானே’ என்று மாணவர்கள் கேட்பதாகவும் எழுதியிருக்கிறார். எழுதக் கூடாது. துருப்பிடித்த நட்டில் ஸ்பேனரை மாட்டி அரை மணி நேரம் தொங்குங்கள். முறுக்கு 150 இருக்கும். நட்டு அசையாத வரைக்கும் செய்த வேலை பூஜ்யம். என் உதவியாள் பையன் அப்படித் தொங்கிய நாளில் அதை அவனிடம் சொன்னேன். “அப்ப சம்பளம் பூஜ்யமாண்ணா?” என்றான்.

ஜூலை 4

முதல் கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, ‘முடிவாக என்ன எழுதுவீர்கள்’ என்கிறார்.

பள்ளிக்கூடத்தில் திருப்பு விசை என்றே பிள்ளைகள் எழுதட்டும், மார்க் முக்கியம். கதவு, கிணற்று ஏற்றம், சீசா எல்லாவற்றுக்கும் அது பொருந்துகிறது என்பதை ஒப்புக்கொண்டுவிட்டேன். நான் எழுதுகிற இடத்தில், தண்டும் நட்டும் எஞ்சினும் வருகிற இடத்தில், வாலை வெட்டிவிட்டு முறுக்கு என்று மட்டும் எழுதப் போகிறேன். அம்மா அப்படித்தான் சொன்னார், விசை என்று சேர்க்கவில்லை.

ஜூலை 6

பட்டறைச் சுவரில் சாக்பீஸால் ஒரு பட்டியல் எழுதி வைத்தேன். எந்த போல்ட்டுக்கு எவ்வளவு. தலைப்பு: முறுக்கு. முதல் வரி: டிரைன் போல்ட், 25. பக்கத்தில் சிவப்பில், பவுண்டு அடி இல்லை.

மத்தியானம் சைக்கிள்காரர் டின்னோடு வந்தார். சுவரைப் பார்த்தார். பையன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான்: “இருபத்தஞ்சு வேணாம்ணே, ரெண்டு போதும். டீ வந்துட்டு இருக்கு.”